சத்தம் குறையணும், நாதம் குறையக் கூடாது

வாளையார், கஞ்சிக்கோடு பக்கம் வீட்டுல எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக இன்னைக்குப் பேசறேன்.

உங்ககிட்ட இருக்கிறது ட்யூப் ஆம்ப்னா இந்தச் சிக்கல் தெரிஞ்சிருக்கும். வால்யூமை நல்லா ஏத்தி, பவர் ட்யூப் திணறும்போதுதான் அந்தக் கனமான டிஸ்டார்ஷன் வரும். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கும். இதுக்காக உருவானதுதான் அட்டெனுவேட்டர். 'பாஸ்டன்' இசைக்குழுவோட டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில படிச்ச எஞ்சினியர், 'பவர் சோக்'னு ஒண்ணைச் செஞ்சு வித்தார். அது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல உட்கார்ந்து, வர்ற மின்சக்தியில பெரும்பகுதியை வெப்பமா மாத்திடும். ட்யூப் முழு மூச்சா உழைக்கும், ஸ்பீக்கருக்குக் கொஞ்சம்தான் போகும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. பல கிட்டார் ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கே, ஒரு மீட்டர் தூரத்துல, சுமார் 100 டெசிபல் தரும். 50 வாட்னா 117. பத்து டெசிபல் குறைச்சா சக்தி பத்துல ஒரு பங்கா ஆகும், ஆனா காதுக்குப் பாதி குறைஞ்ச மாதிரிதான் இருக்கும். இருபது குறைச்சாலும் 97 டெசிபல்! குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் வருஷ ஒலி விதி சொல்ற அளவு பகல்ல 55, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. அதனால பகல்லயே இன்னும் குறைக்கணும், ராத்திரி வாசிக்க இது வழியே இல்லை.

இணைக்கும்போது நாலு விஷயம். ஆம்ப்பை அணைச்சிட்டுத்தான் கேபிளைத் தொடுங்க. ஆம்ப்புல 8 ஓம்னு இருந்தா அட்டெனுவேட்டரும் ஸ்பீக்கரும் 8 ஓமா இருக்கட்டும். அட்டெனுவேட்டரோட வாட்ஸ் அளவு ஆம்ப்பை விட நல்லா கூடுதலா இருக்கட்டும், ஏன்னா முழு வால்யூம்ல 50 வாட் ஆம்ப் அதுக்கு மேலயும் தள்ளும். கிட்டார் ஒயரைப் போடாதீங்க, ஸ்பீக்கர் கேபிள்தான் வேணும். எதையும் இணைக்காம ட்யூப் ஆம்ப்பை ஓட்டினா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடலாம், அதைச் சரிபண்ற செலவு பெருசு. அட்டெனுவேட்டர் பெட்டி சூடாகும், அதனால துணி மூடி வைக்காதீங்க. பவர் ட்யூபும் சீக்கிரம் தேயும்.

ரொம்பக் குறைச்சா நாதம் மெலிஞ்ச மாதிரி கேட்கும். மெல்லிய ஒலியில நம்ம காது அடிநாதத்தையும் உச்சநாதத்தையும் குறைவாத்தான் பிடிக்கும், ஸ்பீக்கரோட அசைவும் குறையும். அதை ஈக்வலைசர்ல கொஞ்சம் சரிபண்ணலாம். ஆனா வால்யூமைத் திரும்ப ஏத்தாதீங்க. நம்ம பாலக்காட்டு மணி அய்யர் 1960-கள்ல மைக்கே வேண்டாம்னு பிடிவாதமா இருந்த மிருதங்க மேதை. சத்தத்தோட அளவு வேற, நாதத்தோட தரம் வேறன்னு புரிய அவர் ஒருத்தர் போதும்.

பகல்ல அட்டெனுவேட்டரோட வாசிங்க. ராத்திரிக்கு ஹெட்போன் ஜாக் இருக்கிற சின்ன டிஜிட்டல் ஆம்ப் வாங்கிக்கோங்க. ட்யூப் ஆம்ப்போட ஸ்பீக்கர் ஜாக்குல மட்டும் ஹெட்போனைச் செருகிடாதீங்க, காது போயிடும்.