தசைப்பிடிப்பு மாத்திரை – சில எச்சரிக்கைகள்

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"மருந்து பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று காரியதரிசி சொன்னார். நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லா மருந்தையும் பற்றிப் பேசினால் டிபன் ஆறிவிடும். தசைப்பிடிப்புக்குத் தரும் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் குடும்பத்திலேயே பட்டு அறிந்த விஷயம் இது.

என் அக்காவும் அத்திம்பேரும் நாக்பூரில் இருக்கிறார்கள். அத்திம்பேருக்கு அப்போது 74 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ரயிலில் பெட்டியைத் தூக்கி வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் டிஸானிடின் 2 மி.கி. மூன்று வேளைக்கு எழுதித் தந்தார். அத்திம்பேர் எனக்குப் போன் செய்து, "ஏண்டா, இதைச் சாப்பிடலாமோல்லியோ?" என்று கேட்டார். "பேஷா சாப்பிடுங்கோ அத்திம்பேர், கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்" என்றேன். நடுவில் வேறு மருந்து எது வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. 31 வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னதைச் சொந்த அத்திம்பேருக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவருக்கு நீர்க்கடுப்பு. வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுத்தார். இடுப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அத்திம்பேர் பழைய மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியிலேயே விழுந்தார். தொடை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80.

அந்த இரண்டு மருந்தும் சேரவே கூடாது. டிஸானிடினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. சிப்ரோஃப்ளாக்ஸசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். தொட்டியின் அடித்துவாரத்தை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? ரத்தத்தில் டிஸானிடின் சுமார் 10 மடங்கு ஏறிவிடுகிறது. டிஸானிடினுக்கோ இயல்பிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குணம் உண்டு. மனநோய்க்குத் தரும் ஃப்ளூவாக்ஸமினும் இதே போலத்தான். அதோடும் சேர்க்கவே கூடாது. டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு ஆன்டிபயாடிக் எழுதியிருப்பார், அதற்கா பஞ்சம்?

தசை தளர்த்தும் மாத்திரை என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. தைலம் தடவிய இடத்தில் வேலை செய்வதுபோல இதுவும் நேரே இடுப்புக்குப் போய் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் வேலை செய்வது மூளையிலும் தண்டுவடத்திலும். அதனால்தான் தூக்கம், தலைசுற்றல், தள்ளாட்டம். வண்டி ஓட்டக்கூடாது, மது கூடவே கூடாது (இந்தச் சபையில் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்!). ராத்திரி எழுந்தால் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, சின்ன விளக்கு ஒன்று எரிய, பிறகு நில்லுங்கள். வயதானால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். க்ளோர்ஸாக்ஸசோன், மெதோகார்பமால் போன்றவற்றை 65 வயதுக்கு மேல் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் சொல்கிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் கூட்டு மாத்திரை. ஒரே மாத்திரைக்குள் அசிக்ளோஃபினாக், பாரசிட்டமால், கூடவே ஒரு தசை தளர்த்தி. அது தெரியாமல் ஜுரத்துக்குத் தனியாக வேறு பாரசிட்டமால் போட்டுக்கொள்கிறோம். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது; தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அவர் பக்கமே தங்கிவிடுகின்றன. அவை நம் துண்டில் வரும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மிச்ச மாத்திரை விஷயம் வேறு. மாமனாருக்கு வாங்கியது நாட்டுப்பெண்ணின் கழுத்து வலிக்குப் போகிறது. தயோகால்சிகோசைடு என்று ஒன்று இங்கே ஏராளமாக விற்கிறது. ஒரு வேளைக்கு 8 மி.கி.யாக 12 மணிக்கு ஒரு தரம், அதுவும் 7 நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கூடவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொல்லிவிட்டது. கருத்தரிக்கக்கூடிய நிலையில் உள்ள பெண்களுக்கும் தகுந்த தடுப்பு இல்லாமல் தரக்கூடாது. அடுத்த வீட்டு மாமி கொடுத்தாள் என்று வாங்கிப் போட்டுக்கொள்கிற சமாசாரமா இது?

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் இறுக்கத்துக்காகச் சிலர் மாதக்கணக்கில் பாக்லோஃபென் சாப்பிடுவார்கள். காசி யாத்திரையில் மாத்திரை தீர்ந்துபோச்சு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் இல்லாத உருவங்கள் தெரியும், வலிப்பும் வரலாம். டிஸானிடினை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம்மில் பலர் ஆறு மாதம் பெண் வீட்டில் புனேயில், ஆறு மாதம் பிள்ளை வீட்டில் பெங்களூரில். ஊருக்கு ஊர் டாக்டர் மாறுகிறார். ஆகவே எல்லா மருந்தையும், ஆயுர்வேத லேகியம் உள்பட, ஒரே காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டரானாலும் கண் டாக்டரானாலும் முதலில் அதை நீட்டுங்கள். அத்திம்பேர் இப்போது வாக்கரோடு நடக்கிறார். அவர் சட்டைப் பையில் அக்கா எழுதிய அந்தக் காகிதம் இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் அக்கா எனக்குப் போனில் படித்துக் காட்டுகிறாள்.

மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் டிபன் முடிந்ததும் ஜன்னலோரம் இருக்கும் அந்த மேஜைக்கு வாருங்கள். அட்டை அட்டையாகச் சேர்ந்து பார்க்கலாம்.