நாள் கணக்கு மனைவிக்கு மட்டுமா?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

வெட்கப்பட்டு நாம் பேசாமல் விடும் ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். சில நாள்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின், கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பிள்ளைக்கு இன்னும் ஒரு வயசு ஆகலே. வீட்டிலே மறுபடியும் உண்டாகியிருக்காங்க. நாள் பார்த்துத்தான் இருந்தோம். அவங்கதான் கணக்கைத் தப்பாச் சொல்லிட்டாங்க" என்றார்.

"நீங்கள் பார்த்த கணக்கு என்ன?" என்றேன். "பதினாலாம் நாள் மட்டும்தான் ஆகாது, குளிச்சுச் சுத்தமான முதல் வாரம் பயமில்லைன்னு கூட்டாளி சொன்னான்" என்றார். எத்தனை நாளுக்கொரு முறை மாதவிடாய் வருகிறது என்று கேட்டேன். தெரியவில்லை. மறுநாள் வீட்டில் கேட்டு வந்து சொன்னார்: 24 நாள்.

சகோதரர்களே! பிழை மனைவியிடம் இல்லை. கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் 1920களிலேயே இதைக் கண்டு சொன்னார்கள். 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது ஏறத்தாழ 14ஆம் நாள். 24 நாள் சுற்று உள்ளவருக்கோ 10ஆம் நாளே! முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் ஆணின் விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிரோடிருக்கும். அந்தத் தம்பி பயமில்லை என்று நினைத்த வாரம்தான் கரு தரிக்கும் வாரம்.

சுற்று 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவர்கள், மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து, 8 முதல் 19 வரை விலகியிருக்க வேண்டும். அப்படித் தவறாமல் இருந்தாலும் ஓராண்டில் 100 தம்பதியரில் 5 பேருக்குக் கரு தங்கும். நடைமுறையில் சுமார் 12 பேருக்கு. பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வருமுன்பே முட்டை வெளியாகலாம். சுற்று ஒழுங்காகும் வரை நாள் கணக்கை நம்பக் கூடாது. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்றால், டாக்டரம்மாவிடம் வேறு வழி கேளுங்கள்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைவெளி விடுவது மார்க்கத்துக்கு விரோதமா என்று கேட்கிறீர்கள். நபித்தோழர்கள் அஸ்ல் செய்து வந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் உண்டு. அதற்கும் மனைவியின் சம்மதம் வேண்டும் என்றார்கள் இமாம்கள் பலர். சம்மதம் கேட்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, பழியை மட்டும் அவள் தலையில் போடலாமா?

தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் நம் வீட்டுப் பெண்கள் பருவம் வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். தினமும் கல்லாவை எண்ணிச் சரிபார்க்காமல் கடை அடைக்காத நாம், அவர்களிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? கணக்கைச் சொல்வது அவர்கள். அந்த நாள்களில் விலகியிருக்க வேண்டியவர்கள் நாம். நாம் பொறுக்காவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

அந்தத் தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களை ரொம்பத் திட்டிட்டேன் ஹஜ்ரத்" என்றார். "என்னிடம் சொல்லி என்ன பயன்? வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்" என்றேன்.