அம்பயர் யாருக்குப் பதில் சொல்லணும்?

ஜோலார்பேட்டையிலிருந்து பேசுறேன். இன்னைக்கு அம்பயர்களைப் பத்தி. கொஞ்சம் தூரமா போய்ட்டு நம்ம கிரவுண்டுக்கு வர்றேன், பொறுத்துக்கங்க.

வட அமெரிக்காவுல என்.எச்.எல்.னு ஒரு ஐஸ் ஹாக்கி லீக். ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு ரெஃப்ரி, ரெண்டு லைன்ஸ்மேன். நாலு பேரையும் அனுப்புறது லீக். எந்த டீமுக்கும் அதுல வேலை இல்ல. 2021 மார்ச்ல நாஷ்வில், டெட்ராய்ட் மோதின ஆட்டம். நாஷ்வில் மேல சீக்கிரமே ஒரு பெனால்டி கொடுத்துடணும்னு இருந்தேன்னு டிம் பீல்ங்கிற சீனியர் ரெஃப்ரி பேசினது மைக்ல மாட்டி, டிவியில போயிடுச்சு. மறுநாளே லீக் சொல்லிடுச்சு: இனிமே எங்க ஆட்டத்துல இவர் கிடையாது. அவர் ரிட்டையர் ஆக ஒரு மாசம்தான் பாக்கி. தண்டனை ஜாஸ்தின்னு நீங்க சொல்லலாம். ஆனா தப்புன்னா யாரைக் கேக்கணும்னு அங்க எல்லாருக்கும் தெரியும்.

கிரிக்கெட்ல அது வர ரொம்ப நாள் ஆச்சு. எந்த நாட்டுல டெஸ்டோ, அந்த நாட்டு போர்டே அம்பயரைப் போடும். போற டீமெல்லாம் குறை சொல்லிட்டே ஊர் திரும்பும். 1986ல வெஸ்ட் இண்டீஸ் பாகிஸ்தான் வந்தப்போ, இம்ரான் கான் விருப்பப்படி வெளி அம்பயர்களைக் கூப்பிட்டாங்க. யாரை? நம்ம வி.கே. ராமசாமியையும் பீலூ ரிப்போர்ட்டரையும்! லாகூர்ல பாகிஸ்தான் ஆடுது, நடுவுல நிக்கிறது ரெண்டு இந்தியர்.

1994ல ஒரு வெளிநாட்டு அம்பயர் கட்டாயம்னு ஐ.சி.சி. சொன்னது. 2002ல ரெண்டு பேருமே வெளியாள், எலைட் பேனல். அந்த முதல் எட்டு பேர்ல ஒருத்தர் சென்னை வெங்கட்ராகவன். ஆட்டக்காரரா 57 டெஸ்ட், 156 விக்கெட். அம்பயரா 73 டெஸ்ட்.

அப்புறம் கொரோனா. 2020ல உள்நாட்டு அம்பயரே நிக்கலாம்னு தளர்த்தினாங்க. 2021ல இந்தியா, இங்கிலாந்து தொடர்ல நிதின் மேனன் நின்னாரு, நல்ல பேர் வாங்கினாரு. ஆள் எந்த ஊருங்கிறது பெரிசில்ல. அவரை யார் போடுறாங்க, யார் மதிப்பெண் போடுறாங்கங்கிறதுதான் விஷயம்.

இப்போ நம்ம ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ஷூ கம்பெனி பசங்க வருவாங்க, வாரத்துக்கு ஒரே நாள் லீவு. டென்னிஸ் பால்ல எல்பிடபிள்யூ கிடையாதுன்னு வெச்சிருக்கோமே, ஏன்? அம்பயரா நிக்கிறதே பேட்டிங் டீம் பையன்தானே! அவன் கையைத் தூக்குவானா? தூக்கினா என்ன ஆகும்னும் பார்த்தாச்சு. போன வருஷம் பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் சொந்த கேப்டனுக்கே ரன் அவுட் கொடுத்தான். சரியான அவுட். அடுத்த மேட்ச்ல அவனை எடுக்கல. அவன் இப்போ கிரவுண்டு பக்கமே வர்றதில்ல.

இதுக்கு ஐ.சி.சி. எல்லாம் வேணாம். அந்த நேரத்துல ஆடாத டீம்லருந்து ரெண்டு பேரை கமிட்டியே போடட்டும். நுழைவுக் கட்டணத்துலருந்து அவங்களுக்குச் சாப்பாடும் கைச்செலவுக்கும் கொடுக்கட்டும். புகார் இருந்தா ஆட்டம் முடிஞ்சு எழுதிக் கொடுங்க; பிட்ச்ல போய் சட்டையைப் பிடிக்கிற டீம் வெளியே.

அடுத்த டோர்னமெண்டுக்கு காலையில ரெண்டு பேர், மத்தியானம் ரெண்டு பேர் வேணும். நிக்கத் தயாரா இருக்கிறவங்க பேர் அனுப்புங்க. அந்தப் பையனை நானே போய் கேக்கப் போறேன்.