தகுதிச் சான்றில் சேர வேண்டிய வரி



உடல் பாதிக்கப்பட்ட அரசு ஊழியர் மீண்டும் பணிக்கு வருவதைப் பற்றிப் பேச வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அலுவலக நிர்வாகிகளும் இன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடிபட்டவர் உங்கள் மூவரின் வாசலிலும் தனித்தனியாக ஏறி இறங்குகிறவர். அதனால் இந்தக் காட்சி எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

ஒரு வழக்கைச் சொல்லித் தொடங்குகிறேன். பஞ்சாப் மாநில மின்வாரியத்தின் உதவி லைன்மேன் ஒருவருக்கு 1994இல் பார்வை முழுவதும் போய்விட்டது. இனி என்னால் முடியாது, ஓய்வு கொடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வாரியம் அதை விருப்ப ஓய்வுக் கடிதமாக எடுத்துக்கொண்டு 1997இல் அவரை அனுப்பிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 1996 பிப்ரவரியில், மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது அவரை வைத்திருக்க வேண்டும் என்றது அதன் 47ஆம் பிரிவு. ஊனம் பணியிடத்தில் வந்ததா, வீட்டில் வந்ததா என்று அது கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

2008இல் உச்ச நீதிமன்றம் அந்த லைன்மேன் பக்கம் நின்றது. அவருடைய உரிமை என்னவென்று அவருக்கு எடுத்துச் சொல்வது மேலதிகாரிகளின் கடமை என்றது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தத் தீர்ப்பை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பயந்துபோயிருக்கும் மனிதர் எழுதும் முதல் கடிதத்தை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர் எழுதுவதற்கு முன் அலுவலகம் அவரைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

எங்கள் மருத்துவத் துறையிலும் குறை இல்லாமல் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் புறநோயாளிப் பிரிவுக்கு மின்சாரம் தாக்கி வலது முன்கையை இழந்த மின்வாரிய லைன்மேன் ஒருவர் வந்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்; செய்தித்தாளின் ஓரமெல்லாம் அவர் பெயர் கோணல்மாணலாக நிறைந்திருந்தது. கொண்டுவந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்: தகுதி உண்டு, தகுதி இல்லை. "டாக்டர், அன்ஃபிட்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். கம்பம் ஏறத் தகுதி உண்டு என்று நான் எப்படி எழுதுவது? படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: நடப்பார், மாடிப்படி ஏறுவார், தொலைபேசியில் பேசுவார், தன் பிரிவின் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றும் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று அறிவார். பின்னர் அவரைப் புகார் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். தெருப்பெயரைச் சொன்னதும் எந்தக் கம்பத்துக்கு ஆள் போக வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தது.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸும் தன்னால் முடிந்தது எது என்றே பார்த்தார். 1954இல் கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. கைகள் நன்றாக இருந்தன. தொழுநோயாளிகளின் கைகளில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று கண்டு, சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் எழுந்தது.

இன்னொன்று. நேற்றுவரை மருத்துவ விடுப்பு, இன்று காலை முதல் எட்டு மணி நேரம் முழு வேலை என்று உடல் தேறிவிடாது. முதல் மாதம் அரைநாள் வரட்டும் என்று எழுத நம் படிவங்களில் இடமே இல்லை.

உங்கள் கோப்புகளில் ஒரு தகுதிச் சான்றுப் படிவத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிற்பகல் அமர்வில் அதைத் திருத்தி எழுதப்போகிறோம். 'இவரால் செய்ய முடிந்தவை' என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் மருத்துவர் எழுதப் பத்து வரி இடம். மதிய உணவுக்குள் ஒவ்வொருவரும் அதை நிரப்பிப் பாருங்கள். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.