பாக்ஸ் எழும்பலையா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க

(பழவேற்காடு பகுதி மீனவக் கிராம மக்களிடையே, டிஷ் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம், அரங்கம்குப்பம்னு பல ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க. கரைக்கு வந்த கையோட வந்தவங்களும் இருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

டிவியில படம் வரலைன்னா நம்ம ஊர்ல சொல்றது ஒரே வார்த்தை: "பாக்ஸ் போச்சு." ஆனா பாக்ஸ் எழும்பாமல் இருப்பது வேறு, எழும்பியும் சிக்னல் வராமல் இருப்பது வேறு. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்தை டிவியும் காட்டும், பாக்ஸும் காட்டும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாக்ஸோட ரிமோட்ல மெனு பட்டனை அழுத்துங்க. மெனு வந்தால் பாக்ஸ் உயிரோடதான் இருக்கு, கோளாறு டிஷ்ஷிலோ வயரிலோ. டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்கள் டிஷ் நம்ம ஊரிலிருந்து சரியாகத் தென்கிழக்கே, கடல் பக்கம் பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள். அது ஜிசாட் 15 என்ற செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனதுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, அது 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது.

மெனுவும் வரலை, டிவியில சரியான ஹெச்டிஎம்ஐ இணைப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க. அப்போதான் பாக்ஸ் எழும்பலைன்னு அர்த்தம்.

முதல் சந்தேகம் அடாப்டர் மேலதான் வரணும். விளக்கே எரியலைன்னா பிளக் பாயிண்டை மாத்திப் பாருங்க. விளக்கு எரியுது, கம்பெனி பெயர் திரையில் வருது, உடனே அணைஞ்சு மறுபடி முதல்லேர்ந்து வருதுன்னா, அது பெரும்பாலும் இளைத்துப்போன அடாப்டர். மீட்டர் வச்சுப் பார்த்தா 12 வோல்ட் சரியா காட்டும். பாக்ஸ் முழுசா வேலை செய்ய ஆரம்பிக்கும்போதுதான் தாங்காம இறங்கிடும். வைஃபை உள்ள புது பாக்ஸுக்கு இன்னும் கூடுதல் கரண்ட் வேணும்.

பக்கத்து வீட்டு அடாப்டரை வாங்கி மாட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனா லேபிளை முதலில் கைப்பேசியில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்க. வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் காட்டும் வட்டப் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் உள்ளே போகுதேன்னு எந்த அடாப்டரையாவது சொருகினா, இருக்கிற பாக்ஸும் போயிடும்.

அடுத்து, நம்ம ஊருக்கே உரிய வியாதி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, ரெண்டு பக்கமும் உப்புக் காற்று. டிஷ் வயர் வழியாக சிக்னல் கீழே வருவது மட்டுமில்லை. டிஷ் நுனியில் இருக்கும் எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை பாக்ஸ்தான் அதே வயரில் மேலே அனுப்புகிறது. இணைப்பில் உப்புத் தண்ணி இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்துப் போனால், கம்பியும் வெளிவலையும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக நின்னுடும். பார்க்கிறவங்களுக்கு பாக்ஸ் செத்த மாதிரியே இருக்கும்.

சோதிக்கிறது சுலபம். கரண்ட்டை நிறுத்துங்க. டிஷ் வயர், நெட் வயர், பென் டிரைவ் எல்லாத்தையும் கழற்றுங்க. ஐந்து நிமிஷம் விடுங்க. பிறகு அடாப்டரையும் டிவி வயரையும் மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. இப்போ எழும்பினா பாக்ஸ் நல்ல பாக்ஸ். மறுபடி கரண்ட்டை நிறுத்தி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்க. எதைச் சேர்த்ததும் படுக்குதோ அதுதான் குற்றவாளி. டிஷ் வயர்தான் என்றால் நுனியில் ஒரு அங்குலம் வெட்டிவிட்டு புது கனெக்டர் போட்டு, மழை படாமல் டேப் சுற்றணும். புது பாக்ஸ் விலைக்கு இது ஒண்ணுமே இல்லை. (அரசு கேபிள் பாக்ஸில் இந்த எல்என்பி விஷயம் கிடையாது. அதற்கு அடாப்டரைப் பார்த்துவிட்டு உங்க கேபிள் ஆபரேட்டரைக் கூப்பிடுங்க.)

அடுத்தது அப்டேட். சில பாக்ஸ் ராத்திரியில் தானாகவே புது மென்பொருளை இறக்கிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலோ, "என்னடா இது, நகரவே மாட்டேங்குது"ன்னு நாமே சுவிட்சை அணைத்தாலோ, எழுதினது பாதியில நின்னு பாக்ஸ் குழம்பிடும். பல பாக்ஸில் பழைய பிரதி ஒன்று உள்ளேயே இருக்கும், அதை வைத்து மறுபடி முயற்சி செய்யும். அரை மணி நேரம் தொடாமல் விடுங்க. வைஃபை பாக்ஸ் தொங்கினா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை அணைச்சுட்டு ஒருமுறை ஆன் பண்ணிப் பாருங்க. அதில் எழும்பினால் கோளாறு நெட் பக்கம். ஊசியால் அழுத்துகிற ரீசெட் கடைசி வழிதான். பதிவு பண்ணி வச்சதெல்லாம் அழிஞ்சிடலாம்.

எதுக்கும் அசையலைன்னா பாக்ஸைப் பிரிக்காதீங்க. வாடகைத் திட்டத்தில் வாங்கிய பாக்ஸ் பிரிக்கப்படாமல் இருந்தால் அதைச் சரிசெய்வது கம்பெனியின் பொறுப்பு. பிரித்த அடையாளம் இருந்தால் நம்ம மேலேயே பழி திரும்பும். விளக்கு எப்படி மினுக்குதுன்னு கைப்பேசியில் வீடியோ எடுங்க, பின்பக்க லேபிளை போட்டோ எடுங்க, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்க. கம்பெனி இழுத்தடிச்சா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

இது சீரியல் பார்க்கிற பிரச்சினை மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தப்போ எல்லாரும் டிவி முன்னாடிதான் உட்கார்ந்திருந்தோம், கரண்ட் இருந்த வரைக்கும். அதனால எச்சரிக்கைக்கு டிவியை மட்டும் நம்பாதீங்க. கைப்பேசியில் 'டிஎன் அலெர்ட்' செயலியைப் போட்டு வையுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இடி இடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாக்ஸோட பிளக்கையும் டிஷ் வயரையும், ரெண்டையுமே கழற்றிடுங்க. பிளக்கை மட்டும் கழற்றினா டிஷ் வழியா வர்றது வந்துட்டே இருக்கும். புயல் முடிஞ்சு கரண்ட் திரும்பினதும் அவசரப்படாம பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்க. அந்த முதல் சில நிமிஷம் வோல்டேஜ் ஏறி இறங்கும்.

நாலைந்து பேர் பாக்ஸைக் கையோட கொண்டு வந்திருக்கீங்க போல. அடாப்டரையும் சேர்த்து மேஜைக்குக் கொண்டு வாங்க, ஒவ்வொண்ணா மாட்டிப் பார்க்கலாம்.