வசைப்பெயரே இனப்பெயர் ஆயிற்று!



1931ஆம் ஆண்டு, பிரெஞ்சு வல்லரசு தான் அடிமைகொண்ட நாடுகளையெல்லாம் பாரிசு நகரில் பெருங்கண்காட்சியாக்கிற்று. கம்போடியாவின் அங்கோர்வாட்டுக் கோயிலைப் போன்றே ஒரு கட்டடத்தையும் எழுப்பிற்று. 'பேரரசின் மக்கள் நாம்' என்னும் செருக்கைத் தன் மக்களுக்கு ஊட்டுவதே அதன் நோக்கம்.

அவ்வாண்டே, அமைதிப் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாவிலிருந்து கனாக்கு மக்கள் நூற்றுவர்க்கு மேல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டனர். 'உங்கள் ஆடல் பாடலைக் காட்டலாம்' என்று அழைத்தவர்கள், அவர்களை வேறொரு பூங்காவில் நிறுத்தி, 'மாந்தரைத் தின்போர்' என்று காட்டிக் காசு பறித்தனர். ஒரு பகுதியினரைச் செருமனிக்கு அனுப்பி, ஈடாக முதலைகளைப் பெற்றனர்!

'கனாக்கு' என்பதன் மூலம் அவாய் மொழிச் சொல். அதன் பொருள் என்ன தெரியுமா? மாந்தன்! அதைத்தான் வெள்ளையர் வசையாக்கினர்.

1975இல் சான் மாரி சிபாவு, நுமேயா நகரில் 'மெலனீசியா 2000' என்னும் பண்பாட்டு விழாவை முன்னின்று நடத்தினார். பிறரால் காட்டப்பட்ட இனம் தன்னைத் தானே காட்டிற்று. வசைப்பெயரே விடுதலை வேட்கையின் பெயராயிற்று. குடியேற்ற ஆட்சி கனாக்கு மக்களின் அடையாளத்தைப் பறித்ததென்று, 1998ஆம் ஆண்டு நுமேயா உடன்பாட்டில் பிரான்சே ஒப்புக்கொண்டது.

பிறர் எழுதிய பெயர்ப்பலகையின்கீழ் நிற்கும் இனம் காட்சிப்பொருள். தன் பெயரைத் தானே எழுதும் இனமே நாட்டினம்!