பீடி சுற்றும் பெண்களும் சோலாப்பூர் காட்டும் வழியும்



முறத்தை மடியில் வைத்து ஆயிரம் பீடி சுற்ற ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் தேவை. இலையை நனைத்தல், வெட்டுதல், தூள் வைத்துச் சுருட்டுதல், தலை மடித்தல், நூல் கட்டுதல் அனைத்தையும் அடுப்படி வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே அவர் முடிக்கிறார். முதலாளிகளின் அகராதியில் இதற்குப் பெயர் ‘ஓய்வுநேர வேலை’!

அந்தச் சொல்லுக்குள்தான் சுரண்டல் ஒளிந்திருக்கிறது. வீடே தொழிற்கூடம் ஆவதால் இடமும் விளக்கும் துணைக்கு அமரும் மகளின் உழைப்பும் முதலாளிக்கு இலவசம். இலை போதாவிட்டால் பெண்ணே கைக்காசில் வாங்க வேண்டும். தரமில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. இடையில் ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டு, ‘இவர் எம் தொழிலாளி அல்லர்’ என்று கம்பெனி கைகழுவுகிறது.

இந்த ஏமாற்றுக்கு எதிராகவே 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. முதலாளிகள் வழக்காடினர், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. 1976இல் பீடித் தீர்வையிலிருந்து நலநிதி உருவானது. ஆனால் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அத்தீர்வையை மோடி அரசு ஒழித்தது. மருத்துவத்துக்கும் கல்வி உதவிக்கும் இருந்த தனி வருவாய் அடைபட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தையோ தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது. வீட்டுவழித் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் நெசவாலைகள் மூடப்பட்டபோது, பெண்களின் பீடிக்கூலி பல குடும்பங்களைத் தாங்கியது. தோழர் நரசய்யா ஆடம் தலைமையில் சிஐடியு அவர்களைத் திரட்டியது. மத்திய, மாநில அரசுகளின் பங்கைப் போராடிப் பெற்று, தம் சேமிப்பையும் சேர்த்து, 10,000 வீடுகளை அப்பெண்கள் கட்டினர். 2006இல் கைக்கு வந்த அக்குடியிருப்பு, வார்லி பழங்குடியினரின் எழுச்சிக்குத் தலைமையேற்ற தோழர் கோதாவரி பருலேகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீடு கிடைத்ததால் கூலிப் போராட்டம் முடிந்துவிடவில்லை. புகையிலைத் தூளும் நெஞ்சை அரிக்காமல் விடவில்லை. எனினும் சோலாப்பூர் ஒன்றை மெய்ப்பித்தது: சிதறிக் கிடப்போரையும் திரட்ட முடியும். இவர்களுக்கு ஆலை வாயில் இல்லை. பீடி ஒப்படைக்கும் இடமே சங்கத்தின் வாயில். ஒவ்வொரு பெண்ணுக்கும் அடையாள அட்டை, குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, தொழிலை விட்டு வெளியேற விரும்புவோருக்கு மாற்று வேலை ஆகிய கோரிக்கைகள் அங்கிருந்தே எழ வேண்டும்.

வீட்டுக்குள் நடந்தாலும் உழைப்பு உழைப்பே. அதை முதலாளியின் கணக்கில் ஏற்றுவதே இயக்கத்தின் உடனடிக் கடமை!